மாடிப்படிக்கு அடியில் குட்டி போட்ட தெருப்பூனையை என்ன செய்வது?

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இது. சென்னையில் வாடகை வீடு. மாடிப்படிக்கு அடியில் கிடந்த அட்டைப்பெட்டியில் ஒரு தெருப்பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. இன்னும் கண் திறக்கவில்லை. கிட்டே போனால் தாய் சீறுகிறது. மாமியார், "பூனை அடைகிற வீடு உருப்படாது. சாக்கில் பிடித்து மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்தால் அங்கே தின்னவாவது கிடைக்கும்" என்கிறார். நாத்தனாருக்கு ஐந்தாம் மாதம், அடுத்த மாதம் தாய்வீட்டுக்கு வருகிறார். பூனை இருந்தால் கருவுக்கு ஆகாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எனக்கு விரட்ட மனசு வரவில்லை, வைத்துக்கொள்ளவும் வழி தெரியவில்லை. என்ன செய்யட்டும்?"

முதலில், இன்றைக்கு ஒன்றும் செய்யாதீர்கள். பெட்டியை நகர்த்த வேண்டாம், குட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டாம், படம் எடுக்கப் பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம். கண் திறக்காத குட்டி என்றால் பிறந்து பத்து நாளுக்குள் இருக்கும். அந்த வயதில் குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது, தானாக ஒன்றுக்குப் போகவும் தெரியாது. தாய் வயிற்றை நக்கிவிட்டால்தான் வெளியே வரும். அந்தப் பெட்டிக்குள் தாய் செய்கிற வேலையில் பாதியை நம்மால் செய்யவே முடியாது. அவளை அந்த இடத்திலேயே நிம்மதியாக இருக்க விடுவதுதான் இந்த வாரத்துக்கான முழுப் பராமரிப்பும்.

அவள் சீறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சீறல் என்றால் "கிட்டே வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அர்த்தம். நீங்கள் இரண்டடி பின்னால் போனால் அவள் அதோடு விட்டுவிடுவாள். காதைப் பின்னால் மடித்து, உடம்பைத் தரையோடு ஒட்டிக்கொண்டு இருக்கிற பூனையின் மேல் கையை வைத்தால் பிறாண்டல் நிச்சயம்.

அவள் சில மணி நேரம் காணாமல் போனால் குட்டிகளை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். இரை தேடப் போயிருப்பாள். இந்த அவசரத்தில் நல்ல மனசுள்ளவர்களே குட்டிகளை எடுத்துக்கொண்டு போய்த் தாயில்லாப் பிள்ளைகளாக்கிவிடுகிறார்கள். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அமைதியாகத் தூங்குகின்றனவா, சரி, வயிறு நிறைந்திருக்கிறது. விடாமல் கத்திக்கொண்டு, தொட்டால் சில்லென்று இருந்தால் மட்டும்தான் கவலைப்பட வேண்டும்.

மீன் மார்க்கெட் யோசனைக்கு வருகிறேன். இதை உங்கள் மாமியாரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது. ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீடு. அடுக்களைக்குள் வந்து பாலில் வாய் வைக்கிறது என்று ஒரு சாம்பல் நிறப் பூனையைச் சித்தப்பா கோணிச் சாக்கில் பிடித்து, சைக்கிள் கேரியரில் கட்டி, கொள்ளிடம் பாலம் தாண்டி விட்டுவிட்டு வந்தார். ஆறு தாண்டிவிட்டால் பூனைக்கு வழி தெரியாது என்று சொல்வார்கள். அன்று ராத்திரி பரணிலிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம். பழைய வெண்கலப் பானைக்குப் பின்னால் இரண்டு குட்டிகள். பாட்டி துடித்துப்போனாள். விளக்குத் திரியைப் பசும்பாலில் நனைத்து நனைத்து வாயில் வைத்தாள். ஒரு குட்டி மூன்றாம் நாள் போனது, இன்னொன்று நான்காம் நாள். பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகிற மாதிரிதான் பெருமாள் நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறான், நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவள் அவள். மார்ஜார நியாயம், அதாவது பூனை நியாயம், என்று வைணவத்தில் தென்கலையார் சொல்வது அதைத்தான். அந்தக் கதையைச் சொல்கிற வீட்டிலிருந்தே ஒரு தாயைச் சாக்கில் கட்டி அனுப்பிவிட்டோம் என்பது அவளைக் கடைசி வரை விடவில்லை. அந்தப் பூனை திரும்பி வரவே இல்லை.

அக்கரையில் அதற்கு என்ன ஆகியிருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். பூனை இடத்தைப் பிடித்து வாழ்கிற பிராணி. எந்தச் சுவரில் நாய் ஏறாது, எந்த வீட்டில் எத்தனை மணிக்கு மீன் அலசுவார்கள், மழைக்கு எங்கே ஒதுங்கலாம் என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். கன்னத்தையும் விலாவையும் உரசி உரசித் தன் வாசனையை அங்கங்கே பூசி வைத்திருக்கும். அந்த வாசனைதான் அதன் வீடு. புது இடத்தில் இறக்கிவிட்டால் எல்லாம் பூஜ்யம். மீன் மார்க்கெட்டில் சாப்பாடு கிடைக்கும் என்பது உண்மைதான். அதனாலேயே அங்கே ஏற்கெனவே பூனைகள் இருக்கும், நாய்களும் இருக்கும். புதிதாக வந்ததைக் கிட்டே அண்ட விடாது. பெரும்பாலான பூனைகள் முதல் சில நாள் எங்காவது சந்தில் ஒளிந்துகொண்டு எதையும் தின்னாது. மற்றது திரும்பி வருகிறேன் என்று ரோட்டைக் கடக்கும்.

சட்டமும் இதை ஏற்கவில்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் 11-ஆம் பிரிவு, பசியாலோ தாகத்தாலோ வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. அடையாற்றில் கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி மாநிலங்களவையில் இதற்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாக அரசே இயற்றியதுதான் இந்தச் சட்டம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் என்று அன்று எழுதியதுதான் இன்னும் இருக்கிறது. அது எனக்கு வருத்தம். ஆனால் விஷம் வைப்பதும் கொல்வதும் ஊனமாக்குவதும் வேறு கணக்கு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. எந்த விலங்காக இருந்தாலும் பொருந்தும். யாராவது எலி மருந்து வைக்கலாம் என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

சரி, பூனை இங்கேயே இருக்கப் போகிறது. என்ன போடுவது?

பாலும் சோறும் வேண்டாம். நம் ஊரில் பூனை என்றாலே பால்தான் நினைவுக்கு வரும், எனக்குத் தெரியும். அது ஆசையாகக் குடிப்பது பாலில் உள்ள கொழுப்புக்காக. தாய்ப்பால் மறந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது, வயிற்றால் போகும். குட்டிக்கு வயிற்றால் போனால் ஒரே நாளில் நீர் வற்றிவிடும். பாட்டி வீட்டுக் குட்டிகள் பாதி குளிராலும் பாதி அந்தப் பாலாலும் செத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பூனைக்கு இறைச்சி ஒரு ருசி விஷயம் கிடையாது, அதன் உடம்பின் கட்டாயம். டாரின் என்று ஒரு சத்து. நாய் உடம்பும் நம் உடம்பும் அதைத் தாங்களாகவே செய்துகொள்ளும். பூனை உடம்பால் போதுமான அளவு செய்ய முடியாது, இறைச்சியிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். இதய நோய்க்கு டாரின் குறைவு காரணம் என்பதை 1987-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதுவரை கடையில் விற்ற பூனை உணவைத் தின்றே பூனைகள் இதய நோயில் செத்துக்கொண்டிருந்தன. டாரின் சேர்த்ததும் நோயுற்ற இதயங்களே தேறின. அதற்குப் பிறகுதான் பூனை உணவு செய்கிறவர்கள் டாரினைக் கூட்டினார்கள். தயிர்சாதத்திலேயே வளர்ந்த பூனை என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அது வெளியே போய் எலியும் பல்லியும் பிடித்துத் தின்று உயிரோடு இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். இனிப்பும் அப்படித்தான். இனிப்பை உணர்கிற மரபணு பூனைக்குச் செயலிழந்து கிடக்கிறது என்று 2005-இல் கண்டறிந்தார்கள். பால்கோவாவை நக்குவது அதிலுள்ள பாலாடைக்காக.

பால் கொடுக்கிற தாய்க்குச் சாதாரண நாளைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு வேண்டும். எலும்பில்லாத கோழிக்கறியை உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்து, வெந்த தண்ணீரோடு சேர்த்தே வையுங்கள். டாரின் அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும், அதைக் கொட்டிவிட்டால் என்ன பயன்? கோழி இதயம் கிடைத்தால் அதைவிட நல்லது, விலையும் குறைவு. மத்தி மீனை வேகவைத்து முள் எடுத்துப் போடலாம், ஆனால் தினமும் மீன் மட்டுமே என்று வேண்டாம். ஈரலும் கொஞ்சமாகத்தான். அவித்த முட்டை நல்லது. சைவ வீடு, அடுப்பில் கறி ஏறாது என்றால் கடையில் குட்டிகளுக்கான உலர் உணவுப் பொட்டலம் வாங்குங்கள். அதில் சத்து கூடுதல், பால் கொடுக்கிற தாய்க்கும் அதுதான் தோது. கொஞ்சம் தள்ளி ஒரு அகலக் கிண்ணத்தில் தண்ணீர். தட்டை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வையுங்கள். இது முக்கியம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தாய்க்கு ஏதாவது ஆகி, பல மணி நேரம் ஆகியும் வரவில்லை, குட்டிகள் கத்திக் கத்தித் தளர்கின்றன என்றால் மட்டும் நீங்கள் கை வைக்க வேண்டும். அப்போது முதல் வேலை சூடு. பால் அடுத்ததுதான். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வையுங்கள், நகர்ந்து போவதற்கும் இடம் விடுங்கள். சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. குட்டிகளுக்கென்றே பால்பவுடர் விற்கிறார்கள், அதைத்தான் கொடுக்க வேண்டும். குப்புறப் படுத்த நிலையில், தாயிடம் குடிக்கிற மாதிரி. கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்து ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் குடித்த பிறகு வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் துடைத்துவிட்டால்தான் சிறுநீர் வரும். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்துப் பாருங்கள். பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம், நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் எடை ஏறாவிட்டாலே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எல்லாம் நல்லபடியாகப் போனால் அடுத்த வாரம் கண் திறக்கும். எல்லாக் குட்டிக்கும் முதலில் நீலக் கண்தான், பிறகு மாறும். இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரைதான் மனிதர் என்றால் யார் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிற காலம். அந்த வாரங்களில் ஒரு மனிதக் கைகூடத் தொடாத குட்டி பிறகு ஆயுளுக்கும் ஓடி ஒளியும். எனவே கண் திறந்து நடக்க ஆரம்பித்ததும், தாய் உங்களை ஏற்றுக்கொண்ட பிறகு, தினமும் கொஞ்ச நேரம் தரையில் உட்காருங்கள். நீங்களாகப் போய்த் தூக்காதீர்கள், அதுவாக வந்து விரலை முகரட்டும்.

தாயிடம் பழக ஒரு வழி சொல்கிறேன். பூனையின் கண்ணை முறைத்துப் பார்த்தால் அதற்குச் சண்டைக்கு அழைப்பது போல. அதனால் நேராகப் பார்க்காமல் சற்றே முகம் திருப்பி உட்கார்ந்து, தூக்கம் வருகிறவர் மாதிரி கண்ணை மெல்லச் சுருக்கி மூடி, மெல்லத் திறவுங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மனிதர் இப்படி மெல்லக் கண் சிமிட்டினால் பூனையும் திரும்பச் சிமிட்டுகிறது, அந்நியர் கைக்குக்கூடக் கிட்டே வருகிறது. என் வீட்டு மதிலில் ஒரு கிழட்டுக் கடுவன் பூனை வருவான், ஒரு காது கிழிந்தவன். பதினோரு நாள் தட்டுக்கு நான்கு முழம் தள்ளி உட்கார்ந்து சிமிட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் அவன் தின்று முடித்துவிட்டு உடனே ஓடாமல், அங்கேயே உட்கார்ந்து, பாதி மூடிய கண்ணோடு என்னைப் பார்த்தான். பிறகு வாலைச் செங்குத்தாகத் தூக்கி, நுனியை மட்டும் வளைத்துக்கொண்டு நடந்து வந்தான். வால் அப்படி நின்றால் அது வணக்கம்.

இன்னொன்று. பூனை 'குர்ர்ர்' என்று சத்தமிட்டால் சந்தோஷமாக இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வலியிலும் அப்படிச் செய்யும். பூனை நோயை மறைக்கிற பிராணி. சாப்பிடவில்லை, மூலையில் ஒளிந்துகொள்கிறது, தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்வதை நிறுத்திவிட்டது என்றால் அதுதான் அது சொல்கிற "முடியவில்லை". ஆண் பூனை திரும்பத் திரும்ப முக்கியும் சிறுநீர் வரவில்லையா, அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மறுநாள் வரை பொறுத்தால் இழந்துவிடலாம்.

இனி உங்கள் நாத்தனார். பூனை முடியால் கரு கலையும் என்பது தவறு. ஆனால் பயத்துக்கு ஒரு உண்மையான வேர் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் கவனமாக இருப்பது எளிது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கும். அது பூனையின் முடியிலோ மூச்சிலோ இல்லை, மலத்தில் இருக்கிறது. அதுவும் எல்லாப் பூனை மலத்திலும் எப்போதும் இருப்பதில்லை. ஒரு பூனைக்கு முதன்முதலாகத் தொற்றும்போது சில வாரங்கள் மட்டும்தான் பெரும்பாலும் வெளியேறும். வெளியேறிய பிறகும் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். எனவே தினமும் யாராவது கையுறை போட்டு மலத்தை அள்ளிவிட வேண்டும், கர்ப்பிணி அந்த வேலையைச் செய்யவே கூடாது, தோட்ட மண்ணை வெறுங்கையால் கிளறக் கூடாது. அரைவேக்காட்டுக் கறியிலும் கழுவாத கீரையிலும் இதே ஒட்டுண்ணி வரும். பூனையை விரட்டிவிட்டு இவற்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் பாதுகாப்பு இல்லை. பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் சொல்லி ஒரு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஒவ்வாமை என்றால் அது வேறு. பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கிற ஒரு புரதம் சிலருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும். அப்படி யாருக்காவது இருந்தால் பூனை வாசலோடு நிற்கட்டும்.

யாரையாவது கடித்தாலோ ரத்தம் வரப் பிறாண்டினாலோ, சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போங்கள். பூனையாலும் ரேபிஸ் வரும். பூனை நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகிறார்கள். குட்டிகளுக்கும் தடுப்பூசி உண்டு. ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வார இடைவெளியில் நான்கு மாதம் வரை. பேன்லூக்கோபீனியா என்ற வாந்தி பேதி நோய் குட்டிகளைக் கூட்டமாகக் கொன்றுவிடும், அதற்காகத்தான். மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி.

வீட்டில் சிலவற்றை இன்றே மாற்றுங்கள். மாடிப்படியை பினாயில் ஊற்றிக் கழுவாதீர்கள். அது காலில் ஒட்டும், பூனை காலை நக்கும், ஈரல் கெடும். பூனை வராமலிருக்க அந்துருண்டை போடச் சொல்வார்கள், அதுவும் விஷம். காய்ச்சல் என்று நினைத்து பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். நமக்குச் சாதாரணமான அந்த மாத்திரையில் பாதி போதும், ஒரு பூனையைக் கொல்ல. நாய் உண்ணிக்கென்று கழுத்தில் விடுகிற சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் அப்படியே. மாதம் ஒரு தடவையாவது இப்படி நல்லெண்ணத்தால் செத்த பூனையைப் பற்றி யாராவது அழுதுகொண்டே எனக்கு எழுதுகிறார்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகிப் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்துவிடுங்கள். தள்ளிப் போடாதீர்கள். பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினைப்படும், பலருக்கு இது தெரியாது. சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்று. நான்கைந்து மாதப் பெண் குட்டிகூடச் சினையாகிவிடும், அதனால் இந்த மூன்றில் பெட்டை இருந்தால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில் எத்தனை பெட்டி தேவைப்படும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மூன்று நிறம் கலந்த குட்டி இருந்தால் அது ஏறக்குறைய நிச்சயமாகப் பெண். ஆறு மாதத்துக்கு முன்பே கருத்தடை செய்த பெண் பூனைக்கு மார்புப் புற்றுநோய் வருவதும் மிகவும் குறைந்துவிடுகிறது. கருத்தடை ஊசி, மாத்திரை என்று எளிய வழி சொல்வார்கள். அந்த ஹார்மோன்கள் கருப்பையில் சீழ் பிடிக்கவும் மார்பில் கட்டி வரவும் காரணமாகும். வேண்டாம்.

கருத்தடை இயற்கைக்கு விரோதம், தாய்மையைப் பறிக்கிற பாவம் என்று பெரியவர்கள் வருந்துவார்கள். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தெருவில் பிறக்கிற குட்டிகளில் எத்தனை ஒரு வயதைப் பார்க்கின்றன என்று அந்தத் தெருவிலேயே பத்து வருஷம் இருந்தவரைக் கேட்டுப் பாருங்கள். காருக்கு அடியில், நாய் வாயில், சாக்கடையில். ஒவ்வொரு ஈற்றுக்கும் தாய் உடம்பு கரைந்து முதுகெலும்பு தெரிய நிற்கும். அதை இயற்கை என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

தெருப்பூனையைக் கையால் பிடிக்க முயல வேண்டாம். கூண்டுதான். சாக்கு கூடவே கூடாது. பழக்கமான இடத்தில், தட்டு வைக்கிற அதே நேரத்தில், கூண்டுக்குள் தட்டை வையுங்கள். ஒரே இடம் ஒரே நேரம் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். முதல் இரண்டு நாள் கதவு விழாமல் கட்டி வைத்து உள்ளே போய்த் தின்னப் பழக்குங்கள். மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்துவிடுங்கள். கதவு விழுந்ததும் அவள் கம்பியில் மோதிக்கொண்டு கத்துவாள், உங்கள் நெஞ்சு படபடக்கும். அந்த நொடியில் ஒரு தடித்த போர்வையைக் கூண்டு முழுக்கப் போர்த்திவிடுங்கள். இருட்டானதும் அடங்கிவிடுவாள். நான் முதல் தடவை போர்வை எடுத்து வைக்க மறந்து, கட்டியிருந்த வேட்டியை... இல்லை, வாசல் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியை உருவிப் போர்த்தினேன். அரை நிமிஷத்தில் சத்தம் நின்றுவிட்டது.

வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1903-இல் தொடங்கிய கல்லூரி. விலங்குநல அமைப்புகள் சில தெருப்பூனைகளுக்குக் குறைந்த செலவில் செய்கின்றன. முன்பே பேசி நாள் வாங்கிக்கொண்டு பிடியுங்கள், பிடித்த பிறகு இடம் தேடினால் அவள் கூண்டிலேயே கிடக்க நேரும். தெருப்பூனை, மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியைக் கொஞ்சம் வெட்டி அடையாளம் வைத்துவிடுங்கள் என்று கேளுங்கள். அதைப் பார்த்தால் மறுபடி யாரும் பிடித்து வயிற்றைத் திறக்க மாட்டார்கள். சில நாள் காயம் ஆறும் வரை வைத்திருந்து, பிடித்த அதே மாடிப்படிக்கு அடியிலேயே விடுங்கள்.

குட்டிகளை எட்டு வாரத்துக்கு முன்னால் யாருக்கும் கொடுக்காதீர்கள், இன்னும் இரண்டு வாரம் பொறுத்தால் இன்னும் நல்லது. கடிக்கிற அளவையும் பிறாண்டுகிற அளவையும் உடன்பிறப்புகளோடு புரண்டுதான் அது கற்றுக்கொள்கிறது. முடிந்தால் இரண்டைச் சேர்த்துக் கொடுங்கள். எலி பிடிக்க வேண்டும் என்று கேட்பவருக்கும் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு என்று கேட்பவருக்கும் நான் கொடுப்பதில்லை. அடுக்குமாடி என்றால் பால்கனிக்கு வலை போட்டிருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்க்கிறேன். கருத்தடைக்கு நாள் வரும்போது நானே போன் செய்கிறேன்.

மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். "ரெண்டு மாசம் பொறுங்க அத்தை, குட்டிக்கு வீடு பார்த்துடறேன், இதுக்கு ஆபரேஷன் பண்ணிட்டா அப்புறம் இங்கே குட்டியே போடாது" என்று நாள் கணக்கோடு சொல்லிப் பாருங்கள். பூனையை வெறுக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. குட்டியும் அழுக்கும் ராத்திரி அலறலும் முடிவில்லாமல் தொடரும் என்ற பயம்தான். அதற்கு ஒரு முடிவு நாள் இருக்கிறது என்று தெரிந்தால் பல வீடுகளில் பெரியவர்கள் இறங்கி வந்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. தாய்ப்பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். எண்ணிக்கை எப்படியோ, மாற்றுவது உண்மை. ஆள் நடமாட்டமோ கடுவனின் வாடையோ பட்டால் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விடும். நாளைக் காலை அந்தப் பெட்டி காலியாக இருந்தால் பதறித் தேடாதீர்கள். பழைய இடத்தில், பழைய நேரத்தில், தட்டை வையுங்கள். குட்டிகள் எங்கே இருந்தாலும் அவள் தட்டுக்கு வருவாள். நான்கைந்து வாரம் கழித்து ஒரு நாள், பின்னால் மூன்று குட்டிகளோடு வருவாள்.